பிடித்துக் காட்டில் விட்டால் முடிந்ததா?

ஊருக்குள் ஒரு காட்டு விலங்கு தலைகாட்டியதும் எல்லோர் வாயிலிருந்தும் முதலில் வருவது ஒரே கேள்விதான்: "பிடிச்சுக் கொண்டுபோய் காட்டுல விட்டுட வேண்டியதுதானே?"

கேட்பவர் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அவர் அதைக் கொல்லச் சொல்லவில்லை. பிள்ளைகளை வெளியே விளையாட விடவும் பயமாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருந்தால் மனசு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். நம் சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் யோசிக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, முதல் அட்டவணையில் உள்ள விலங்கு மனித உயிருக்கு ஆபத்தாகவே இருந்தாலும், அதைப் பிடிக்கவோ மயக்க ஊசி போடவோ வேறிடத்துக்கு மாற்றவோ முடியாது என்று தலைமை வனவிலங்குக் காப்பாளருக்குத் தெளிவான பிறகுதான் கொல்ல உத்தரவிடலாம். ஆக, இடமாற்றம் என்பது கொலைக்கு மாற்றாக வைக்கப்பட்ட ஏற்பாடு. அதனாலேயே அது இரக்கமான வழியாகவும், கூடவே பாதுகாப்பான வழியாகவும் நமக்குத் தோன்றுகிறது.

இரக்கம், பாதுகாப்பு இரண்டையும் தனித்தனியாகப் பரிசோதித்துப் பார்க்கணும். இதைப் பற்றிப் படித்துக் குறித்து வைத்ததை வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன்.

ஜுன்னரில் நடந்தது

புனே மாவட்டத்தில் உள்ள ஜுன்னர் கரும்பு விளையும் பகுதி. ஆள் உயரத்துக்கு மேல் வளரும் கரும்புத் தோட்டம் சிறுத்தைக்குக் காடு மாதிரிதான். ஒளிய இடம், தண்ணீர், சுற்றிலும் நாய், ஆடு, பன்றி. குட்டி போடுவதும் அங்கேதான். 2001 பிப்ரவரிக்கும் 2003 டிசம்பருக்கும் நடுவில் இப்படி மனிதர்கள் நெருக்கமாக வாழும் இடங்களில் பிடிபட்ட 29 சிறுத்தைகளை, சராசரியாக 40 கிலோமீட்டர் தள்ளி இருந்த காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். நல்ல எண்ணத்தோடு செய்த வேலைதான்.

வித்யா ஆத்ரேயாவும் அவருடைய குழுவினரும் பின்னால் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். 1993 முதல் 2001 வரை அந்த வனக்கோட்டத்தில் மனிதர்கள் மேல் சிறுத்தைத் தாக்குதல் ஆண்டுக்குச் சராசரியாக 4. இடமாற்றம் தொடங்கிய பிறகு அது 17. குறையும் என்று நினைத்துச் செய்த காரியத்தால் நாலு மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது. சிறுத்தைகளைக் கொண்டுபோய் விட்ட இடங்களை ஒட்டிய ஊர்களிலும் தாக்குதல்கள் நடந்தன என்பதுதான் இன்னும் கனமான செய்தி.

இதற்கு நேரெதிர் உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. முன்பு அகமத்நகர் என்று அழைக்கப்பட்ட மாவட்டத்து அகோலே பள்ளத்தாக்கு. அங்கே காடு என்று சொல்ல ஒன்றும் இல்லை, வயலும் வீடும்தான். சதுர கிலோமீட்டருக்கு 300 பேருக்கு மேல் வாழ்கிறார்கள். கேமரா வைத்துப் பார்த்தபோது 100 சதுர கிலோமீட்டருக்கு 5 சிறுத்தை அளவுக்கு வளர்ந்த சிறுத்தைகள் இருந்தன. பல காடுகளோடு ஒப்பிடக்கூடிய அடர்த்தி இது. சிறுத்தை இருக்கிறது என்பதும் சிறுத்தை ஆளை அடிக்கிறது என்பதும் வேறு வேறு விஷயங்கள். முதலாவதை வைத்து இரண்டாவதை முடிவு செய்ய முடியாது.

ஏன் இப்படி ஆகிறது?

படித்தவரைக்கும் நாலு காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது, விலங்குக்கு ஊர் உண்டு. எங்கே தண்ணீர், எங்கே இரை, எந்த நேரத்தில் எந்தப் பாதையில் ஆள் நடமாட்டம் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. பெயர்த்து எடுத்தால் திரும்பி வரப் பார்க்கும், இல்லையென்றால் தோதான இடம் தேடி அலையும். 2009இல் அகமத்நகர் மாவட்டத்தில் ஒரு கிணற்றில் விழுந்த ஆண் சிறுத்தையை மீட்டு, கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை மாட்டி மால்ஷேஜ் காட் பகுதியில் விட்டார்கள். கொஞ்சம் வயதானது என்பதால் 'அஜோபா' என்று பெயர். மராத்தியில் தாத்தா. தாத்தா அங்கே தங்கவில்லை. நெடுஞ்சாலை, ரயில் பாதை எல்லாம் தாண்டிச் சுமார் 120 கிலோமீட்டர் நடந்து மும்பையின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காப் பக்கம் போய்ச் சேர்ந்தது. வழியில் ஒரு மனிதரையும் தொடவில்லை. 2011இல் சாலையில் வண்டி மோதி இறந்துபோனது.

இரண்டாவது, காலியான இடம் காலியாகவே இருக்காது. சிறுத்தை அங்கே வந்ததற்குக் காரணம் குப்பையும் நாயும் என்றால், அந்தச் சிறுத்தை போன பிறகும் குப்பையும் நாயும் அங்கேயேதான் இருக்கும். வேறொன்று வரும். புதுசாக வருவது பெரும்பாலும் எல்லை தேடி அலையும் இளசு. அந்த ஊர் மனிதர்களோடு பழக்கம் இல்லாதது.

மூன்றாவது, நாம் 'காடு' என்று சொல்லும் இடமும் காலியாக இல்லை. அங்கே ஏற்கெனவே அதே இனத்து விலங்குகள் எல்லை வகுத்து வாழ்கின்றன. காட்டோரத்தில் மனிதர்களும் வாழ்கிறார்கள். இதைப் பின்னால் பார்ப்போம்.

நான்காவது, பிடிப்பதே ஒரு வதை. கூண்டுக் கம்பியைக் கடித்துச் சிறுத்தை பல்லை உடைத்துக்கொள்ளும். மான் இன்னும் மோசம். துரத்திப் பிடித்தால் பயத்திலும் ஓட்டத்திலும் தசை சிதைந்து, அப்போதே சாகாவிட்டாலும் சில நாள் கழித்துச் சாகும். விடும் வீடியோவில் துள்ளி ஓடும் விலங்கைத்தான் நாம் பார்க்கிறோம். அடுத்த வாரம் அது என்ன ஆனது என்று யாரும் வீடியோ போடுவதில்லை.

யானையிலும் இதே கதைதான். இலங்கையில் பிருதுவிராஜ் பெர்னாண்டோ குழுவினர், 'தொல்லை தரும் யானைகள்' என்று பிடித்துத் தேசியப் பூங்காக்களில் விடப்பட்ட 12 ஆண் யானைகளை ஜிபிஎஸ் பட்டை வைத்துப் பின்தொடர்ந்து 2012இல் எழுதினார்கள். இரண்டு பூங்காவுக்குள்ளேயே கொல்லப்பட்டன. மீதி எல்லாமே பூங்காவை விட்டு வெளியேறிவிட்டன. சில பழைய ஊருக்குத் திரும்பின, சில அலைந்துகொண்டே இருந்தன, சில புது ஊர் ஒன்றின் பக்கத்தில் நிலைத்தன. நமக்கு இது அரிக்கொம்பனால் பரிச்சயம். 2023 ஏப்ரல் கடைசியில் கேரளத்தின் சின்னக்கானலில் பிடித்துப் பெரியார் புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். மே 27 அன்று அது கம்பம் நகரத் தெருவில் நடந்தது. ஜூன் 5 அன்று தமிழக வனத்துறை மறுபடியும் மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. நடுவில் கம்பத்தில் ஒருவர் உயிர் போனது. அவருக்கும் சின்னக்கானலுக்கும் என்ன சம்பந்தம்?

டெல்லிக் குரங்குகள்

சிறுத்தை, யானை எல்லாம் எண்ணிக்கையில் கொஞ்சம். கூட்டம் கூட்டமாக வாழும் குரங்கை என்ன செய்வது? டெல்லி இதற்குப் பெரிய பரிசோதனைக்கூடம். 2007இல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, நகரத்துக் குரங்குகளைப் பிடித்து தெற்கு எல்லையில் உள்ள அசோலா பட்டி சரணாலயத்தில் விடத் தொடங்கினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் மாநகராட்சித் துணை மேயர் எஸ்.எஸ். பாஜ்வா, வீட்டு மாடியில் குரங்குகளை விரட்டும்போது கீழே விழுந்து இறந்தார். அதனால் இந்த விஷயத்தை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஆண்டுக்கணக்கில் பிடித்தார்கள். ஆயிரக்கணக்கில் விட்டார்கள். அங்கே அத்தனை குரங்குக்குப் போதுமான பழமரம் இல்லை. அரசே காயும் பழமும் வாங்கிப் போட வேண்டி வந்தது. சுற்றியிருக்கும் குடியிருப்புகளுக்குள் அவை புகுந்தன. நகரத்துக்குள் குரங்கு குறைந்ததா? 2023 செப்டம்பரில் ஜி20 மாநாட்டுக்கு, குரங்குகளை மிரட்ட லங்கூர் உருவப் பலகைகளைச் சாலையோரம் நட்டு வைத்தார்கள். பதினாறு ஆண்டு இடமாற்றத்துக்குப் பிறகு நிலைமை அதுதான்.

காரணம் ரொம்ப எளிமை. செவ்வாயும் சனியும் அனுமார் பெயரில் வாழைப்பழம் போடுகிறவர்கள் போட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். குப்பைத்தொட்டி திறந்தேதான் கிடந்தது. சோறு இருக்கும் வரை குரங்கு இருக்கும்.

சரி, எப்போதுமே தப்பா?

அப்படியும் சொல்ல முடியாது. மெல்பர்ன் அரச தாவரவியல் பூங்காவில் சாம்பல் தலைப் பழந்தின்னி வௌவால்கள் ஆயிரக்கணக்கில் தொங்கி மரங்களை நாசம் செய்துகொண்டிருந்தன. 2003இல் பிடித்து எடுத்துப் போகாமல், விடாமல் சத்தம் எழுப்பி இடம்பெயர வைத்தார்கள். அதிகாரிகள் நினைத்த இடம் ஒன்று. வௌவால்கள் போய்த் தங்கியது யாரா ஆற்றின் மேல்பக்கம் உள்ள யாரா பெண்ட் என்ற வேறொரு பூங்காவில். இன்றும் அங்கேதான் இருக்கின்றன. பக்கத்திலேயே நல்ல மாற்றிடம் இருந்தது, எங்கே போவது என்பதை விலங்கே முடிவு செய்தது, அதன் பின்னும் பல ஆண்டு கவனித்தார்கள். இந்த மூன்றும் சேர்ந்ததால் அது பலித்தது.

போகும் இடத்துக்கு விலங்கு தேவைப்படும்போதும் இடமாற்றம் பொருந்தும். மத்தியப் பிரதேசத்தில் பெஞ்ச் காப்பகத்தில் நிறைய இருந்த புள்ளிமான்களை, இரை குறைவாக இருந்த சாத்பூராவுக்கு மாற்றினார்கள். துரத்தாமல், புனல் மாதிரி குறுகும் வேலிக்குள் மெல்ல நடத்தி லாரியில் ஏற்றும் 'போமா' முறையில். அங்கே "இந்த இடத்துக்கு மான் வேணும்" என்று தொடங்கினார்கள். நாம் "இந்த இடத்துல வேணாம்" என்று தொடங்குகிறோம்.

பள்ளிக்கூடத்துக்குள் மாட்டிக்கொண்ட சிறுத்தை, கிணற்றில் விழுந்த சிறுத்தை இதில் சேராது. அது மீட்பு. மீட்டு, கூடியவரை பக்கத்திலேயே விட வேண்டும் என்பதுதான் 2011இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட சிறுத்தை வழிகாட்டு நெறிகளின் போக்கும். மனிதரைத் தேடித் தேடி அடிக்கும் விலங்கு என்று உறுதியானால் அதை வேறு ஊர்க் காட்டில் விடவே கூடாது. நிரந்தரமாக அடைக்கணும். அதுவும் முடியாவிட்டால் சட்டம் சொல்லும் கடைசி வழி. அதைச் சொல்லக் கூச்சப்பட்டு இன்னொரு ஊரின் தலையில் கட்டுவது கருணை ஆகாது.

முடிவெடுக்கும் முன் கேட்க வேண்டியவை

எங்கள் குடியிருப்பில் போன மாதம் குரங்குகளைப் பிடித்து அப்புறப்படுத்தக் கோரி ஒரு மனு கையெழுத்துக்கு வந்தது. பக்கத்து பிளாக்கில் ஒரு பாட்டிக்குக் கையில் கடி, அஞ்சு ஊசி. அவர் பயம் நியாயமானது. மனுவை எழுதியவர்களிடம் நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்த கேள்விகள் இவை:

1. தொல்லை ஒரு விலங்காலா, மொத்தக் கூட்டத்தாலா? எது கடித்தது என்று யாருக்காவது தெரியுமா?
2. அது இங்கே இருப்பதற்கு என்ன காரணம்? அந்தக் காரணம் நாளைக்கும் இருக்குமா?
3. எங்கே விடப் போகிறார்கள்? அங்கே சாப்பாடு, தண்ணீர், அதே இனத்து விலங்குகள் நிலவரம் என்ன?
4. அந்த இடத்துக்குப் பக்கத்தில் வாழ்பவர்களிடம் யாராவது கேட்டார்களா?
5. விட்ட பிறகு ஒரு வருஷம் யார் கவனிப்பார்கள்?
6. இதே பணத்தில் குப்பைக்கு மூடி, மொட்டைமாடிக்கு வலை, சோறு வைப்பதற்குத் தடை, கருத்தடை என்று இங்கேயே என்ன செய்யலாம்?

இரண்டாவது கேள்விக்கே பேச்சு சூடாகிவிட்டது. பால்கனியில் தினமும் பொரி வைக்கும் வீடுகள் எவை என்று எல்லோருக்கும் தெரியும். மனு இப்போது இரண்டாகப் பிரிந்திருக்கிறது. குப்பை, சோறு சம்பந்தப்பட்டதில் நான் கையெழுத்துப் போட்டேன். மற்றதில் போடவில்லை.

மும்பையிலும் பலன் தந்தது இந்த மாதிரி சலிப்பான வேலைகள்தான். 2004 வாக்கில் சஞ்சய் காந்தி பூங்காவைச் சுற்றிச் சிறுத்தைத் தாக்குதல் உச்சத்தில் இருந்தது. வெளியில் பிடித்த சிறுத்தைகளையும் அந்தப் பூங்காவில் விட்டுக்கொண்டிருந்த காலம் அது. பிறகு அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள். 2011இல் தொடங்கிய 'மும்பைக்கர்ஸ் ஃபார் எஸ்ஜிஎன்பி' திட்டத்தில் வனத்துறை, போலீஸ், மாநகராட்சி, பத்திரிகையாளர், குடிசைவாசிகள் எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தார்கள். குப்பை அகற்றுவது, தெருவிளக்கு, இரவில் குழந்தைகளைத் தனியே அனுப்பாமல் இருப்பது, சிறுத்தையைப் பார்த்தால் கூட்டம் கூடாமல் இருப்பது. தாக்குதல் வெகுவாகக் குறைந்தது. சிறுத்தை குறையவில்லை. 2015 கணக்கில் 35, 2018இல் 47.

சென்னையில் கிண்டிப் பூங்கா இருப்பது மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. ஒட்டியிருக்கும் ஐஐடி வளாகத்திலும் ஆளுநர் மாளிகையிலும் மான்கள் உண்டு. அவற்றைக் காட்டுக்கு மாற்றணும் என்ற பேச்சு அவ்வப்போது எழும். பிளாஸ்டிக் தின்று சாகும் மானைப் பார்த்தால் எனக்கும் அப்படித் தோன்றியதுண்டு. ஆனால் புலியையும் செந்நாயையும் பார்த்தே இராத மானை அவை இருக்கும் காட்டில் இறக்கிவிட்டால், நம் கண் முன்னால் சாவது நின்றிருக்கும், அவ்வளவுதான். பிளாஸ்டிக்கை அகற்றுவது மானை அகற்றுவதை விடச் சிரமம். அதைச் செய்யாத வளாகத்துக்கு மானை இடம் மாற்றக் கேட்கும் உரிமை எப்படி வரும்?

பிடித்துக்கொண்டு போகச் சொல்லும் மனுக்கள் பெரும்பாலும் நகரத்திலிருந்து போகின்றன. கூண்டு திறக்கப்படுவது ஏதோ ஒரு மலையடிவாரக் கிராமத்தின் பக்கத்தில். அந்தக் கிராமத்தில் கழிப்பறைக்கு இருட்டில் வெளியே போகிறவர்கள் இருக்கிறார்கள், ஆடு மேய்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் மனு போட வாட்ஸ்அப் குழு கிடையாது. இடமாற்றம் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தில் அவர்களில் ஒருவராவது உட்கார்ந்திருந்தால் அந்த முடிவை நான் நம்புவேன்.