தேள்கொடுக்கும் ஈரலும்

திருத்துறைப்பூண்டியில் முள்ளியாற்றை ஒட்டிய வாய்க்கால் மேடுகளிலும் அறுவடை முடிந்து ஈரம் உலராத வயலோரங்களிலும், தேளின் வாலெனச் சுருண்ட கதிரில் வெளிர்நீலப் பூக்களைத் தாங்கி நிற்கும் தேள்கொடுக்கை அறியாத உழவர் இலர். கட்டிக்கும் வீக்கத்துக்கும் அதன் இலையை அரைத்துப் பற்றிடுவது பரம்பரை வழக்கம். அதில் எனக்கு ஆட்சேபமில்லை. பிறவிப் பிணிக்கே மருந்தானவன் என்று மருந்தீசுவரரை வணங்கும் ஊரில் மூலிகையை இகழ யாருக்குத்தான் மனம் வரும்? ஆயினும் அதைக் கஷாயமாக்கி அருந்தலாமா என்று வினவுவோருக்கு, ஈரலுக்குள் நிகழ்வதைச் சற்று விரித்துரைப்பது என் கடமையாகிறது.

இச்செடி, பூச்சிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள, பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்னும் வகையைச் சேர்ந்த பொருள்களை உண்டாக்கிக்கொள்கிறது. குடலிலிருந்து இரத்தத்தில் கலக்கும் வேளையில் அவை பெரும்பாலும் சாதுவானவையே என்பதுதான் விந்தை. உடம்பில் புகுந்த அந்நியப் பொருளை நீரில் கரையும்படி மாற்றி வெளியேற்றும் தொண்டினை மேற்கொண்ட ஈரல் அணுக்களின் நொதிகள், வழக்கம்போல் இதன் மீதும் கைவைத்து ஹைட்ரஜனைக் கழற்றியதும், அது பைரோல் என்னும் மூர்க்க உருவம் கொள்கிறது. குளூட்டதயோன் என்னும் காவற்பொருள் கையிருப்பில் உள்ளமட்டும் அதைப் பிடித்து அடக்குகிறது. அது குறைந்துவிட்டாலோ, விஷம் தான் பிறந்த அணுவின் புரதங்களையும் மரபுப் பொருளையுமே பற்றிப் பிணைக்கிறது. தொடர்ந்து, ஈரலின் நுண்குழாய்களின் உட்சுவர் உரிந்து சிறு சிரைகள் அடைபட, மடை தூர்ந்த வாய்க்காலின் நீர் கரைமீறி வயலில் பாய்வதைப்போல, நீர் வயிற்றில் கசிந்து தேங்கி மகோதரமாகிறது.

இது வெறும் ஊகமன்று. 1970-களில், அன்றைய மத்தியப் பிரதேசத்துச் சர்குஜா மாவட்டத்தில், சாமையோடு, இதே வகை ஆல்கலாய்டு கொண்ட கிலுகிலுப்பை இனச் செடி ஒன்றின் விதை கலந்திருந்ததால், 67 பேர் இந்நோயுற்று 28 பேர் மாண்டனர். அவர்கள் விஷத்தை அறிந்து உண்டவர்களல்லர். அன்றாட உணவையே உண்டவர்கள். 1981-இல் இலங்கை ஆய்வாளர்களும், தம் நாட்டு மருந்து மூலிகைகள் சிலவற்றில் இதே வகைப் பொருள்களைக் கண்டு அறிவித்தனர்.

தேள்கொடுக்கிலிருந்தே பிரித்த இண்டிசின்-என்-ஆக்சைடை, இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாகுமா என்று அமெரிக்க மருத்துவர்கள் சோதித்தபோது, சிலருக்குப் பலன் தெரிந்தும், ஈரல் கெட்டமையால் அது மருந்தாக நிலைபெறவில்லை. துல்லியமாக அளந்து கொடுத்தவர்களுக்கே பிடிபடாத அளவு, இலையைக் கைப்பிடியாகக் கிள்ளிக் கொதிக்கவிடும் நம் அடுப்படியில் எவ்வாறு பிடிபடும்? புண்ணில்லாத தோல் இப்பொருளை எளிதில் உள்ளே விடுவதில்லையாதலால், பற்றோடு நிற்பதே தகும். கட்டி உடைந்தபின் அப்பற்றையும் எடுத்துவிட வேண்டும்.