ஒட்டினால்தான் உயிர்!

அறுந்த செருப்பு, காது உடைந்த காபி கப், மேனேஜரின் மூக்குக் கண்ணாடி... எதுவானாலும் நமக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் ஃபெவிக்விக். ஒட்டாவிட்டால் நஷ்டம் ஒரு ட்யூப், அவ்வளவுதான். ஆனால் இதயம் வரை போகிற குழாயில் ஜாயின்ட் விட்டுப்போனால்?

கதீட்டர் என்பது பார்க்க நூடுல்ஸ் மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழாய். ஆஞ்சியோபிளாஸ்டி என்றால் அதன் நுனியில் ஒரு குட்டி பலூன். அடைப்புள்ள இடத்தில் திரவம் ஏற்றி அதை உப்ப வைப்பார்கள். அழுத்தம் 10 அட்மாஸ்ஃபியரைத் தொடுவது சகஜம். கார் டயரில் இருப்பதே சுமார் 2தான் சாமி!

பலூன் கதீட்டருக்கு வழிகாட்டியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் தாமஸ் ஃபோகார்ட்டி. ரத்தக்கட்டியை இழுத்தெடுக்க, ரப்பர் கையுறையின் விரல் நுனியை வெட்டிக் குழாயில் பொருத்தப் பார்த்தார். எந்தப் பசையும் பிடிக்கவில்லை. மனிதர் மீன்பிடிப் பிரியர். தூண்டிலில் போடுகிற முடிச்சையே போட்டுக் கட்டிவிட்டார்! 1963-ல் அது மருத்துவ இதழில் வெளியானது.

இன்று பலூனைப் பெரும்பாலும் சூட்டாலோ லேசராலோ உருக்கி இணைக்கிறார்கள். உருகிச் சேராத ஜோடிகளுக்குப் பசைதான் கதி. எந்தப் பசை?

ஃபெவிக்விக் ஜாதி சயனோஅக்ரிலேட்: ஈரப்பசை பட்டதும் நொடியில் இறுகும். ஆனால் சாதாரண ரகம் வளைத்தால் விரிசல் விடும். கதீட்டரின் வேலையே வளைவதுதானே!

அரால்டைட் ஜாதி எபாக்ஸி: பலசாலி, ஆனால் சோம்பேறி. இறுக மணிக்கணக்காகும். அவசரப்பட்டுச் சூடு காட்டினால் குழாய் குழைந்துவிடும்.

மூன்றாவது, ஒளியில் இறுகும் பசை. பல் டாக்டர் வாயில் நீல விளக்கு காட்டுகிறாரே, அதே தத்துவம். நிதானமாகப் பொருத்திவிட்டு, 365 நானோமீட்டர் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால் சில நொடிகளில் கெட்டி. சிக்கல் என்னவென்றால், வெளிச்சம் படாத இடத்தில் பசை பசையாகவே இருக்கும். அது கசிந்து ரத்தத்தில் கலந்தால் ஆபத்து. புற ஊதாவைக் குடித்துவிடும் பிளாஸ்டிக்குகளும் உண்டு. அவற்றுக்கு 405 நானோமீட்டர் ஊதா ஒளி.

டெஃப்ளான் இன்னும் மோசம். தோசையே ஒட்டாத தவாவில் பசை மட்டும் ஒட்டுமா? முதலில் பிளாஸ்மாவாலோ ரசாயனத்தாலோ மேற்பரப்பைப் பதப்படுத்த வேண்டும்.

அத்தோடு முடியவில்லை. எத்திலீன் ஆக்சைடு வாயு, காமா கதிர் என்று கிருமி நீக்கம் செய்த பிறகும் பிடிப்பு குறையக்கூடாது. உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று ஐ.எஸ்.ஓ. 10993 விதிப்படி சோதிக்க வேண்டும். சில பசைகளில் ஒளிரும் சாயம் கலந்திருக்கும். பசை விட்டுப்போன இடத்தைக் கறுப்பு விளக்கு காட்டிக்கொடுத்துவிடும். மாதிரிக்குச் சிலவற்றை இழுத்து அறுத்தும் பார்ப்பார்கள்.

பின்னே? ஆபரேஷன் தியேட்டரில் நின்றுகொண்டு, "ஸாரி சார், கொஞ்சம் விட்டுப்போச்சு, மறுபடி ஒட்டித் தர்றேன்" என்று சொல்ல முடியாதே!