‘கூலி’ – ஆங்கிலம் சென்று திரிந்த சொல்

தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்ற சொற்கள் சில உண்டு. கட்டுமரம், மிளகுத்தண்ணீர், சுருட்டு ஆகியவை அவற்றுட் சில. இவை பொருள்களின் பெயர்கள். ஆனால் மனிதரைச் சுட்டும் பெயராக ஆங்கிலத்தில் வழங்கிய ஒரு சொல்லும் நமக்கு மிக நெருக்கமானது. அதுவே ‘கூலி’.

தமிழில் கூலி என்பது ஆளின் பெயரன்று. உழைப்புக்குரிய ஊதியத்தின் பெயர். தையற்கூலி, வண்டிக்கூலி, ஏற்றுக்கூலி என்று இன்றும் சொல்கிறோம். தையற்காரரை யாரும் ‘கூலி’ என்று அழைப்பதில்லை. ‘ஆள்வினையுடைமை’ அதிகாரத்தில், முயற்சி தரும் பயனைக் குறிக்கத் திருவள்ளுவர் கையாண்டதும் இச்சொல்லே.

ஆங்கிலச் சொல்லின் பிறப்புப் பற்றி இரு கருத்துகள் உள்ளன. குஜராத்தில் வாழும் கோலி சமூகத்தாரின் பெயரிலிருந்து அது வந்தது என்பது ஒன்று; தமிழ்க் ‘கூலி’யிலிருந்து வந்தது என்பது மற்றொன்று. 1886ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் சொல்லகராதி இரண்டையும் ஆராய்கிறது. கோலி என்னும் பெயரோடு தமிழ்ச் சொல்லும் கலந்துவிட்டது என்று கருதுவோர் பலர். எவ்வாறாயினும், ஊதியத்தைக் குறித்த சொல் ஆங்கிலேயர் நாவில் ஊதியம் பெறுபவரைக் குறிப்பதாயிற்று.

பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன் பின்னர் மொரீசியசிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் இருந்த கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியரும் சீனரும் ஒப்பந்தத்தின் பேரில் கொண்டு செல்லப்பட்டனர். அவர்கள் அனைவருக்கும் இப்பெயரே சூட்டப்பட்டது. சீனர் இதைத் தம் மொழியில் எழுதும்போது, ‘துன்பம்’, ‘வலிமை’ என்று பொருள்படும் இரண்டு எழுத்துகளைப் பயன்படுத்தினர். மலாய் மொழியிலும் ‘கூலி’ என்பது உடலுழைப்பாளியையே குறிக்கிறது.

காலப்போக்கில் இது தொழிலின் பெயராகவும் நில்லாமல் ஓர் இனத்தை இழிவுபடுத்தும் பெயராயிற்று. காந்தியடிகள் 1893ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்கா சென்றபோது, சட்டம் பயின்ற அவரையும் அங்குள்ள வெள்ளையர் ‘கூலி பாரிஸ்டர்’ என்றனர். இந்திய வணிகர்கள் ‘கூலி வணிகர்கள்’ ஆயினர். அதாவது, அச்சொல்லுக்கும் செய்யும் வேலைக்கும் தொடர்பே இல்லாமற் போயிற்று.

மலாயாத் தோட்டங்களிலும் நம் முன்னோர் இப்பெயராலேயே அழைக்கப்பட்டனர். அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகள் ‘கூலி லயன்’ எனப்பட்டன. இந்தியரை ஒப்பந்த முறையில் சேர்ப்பது 1910ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. கங்காணி மூலம் ஆள் திரட்டுவதற்கு 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு தடை விதித்தது. 1954ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் அமைந்தது. அதன் பெயரில் இடம் பெற்ற சொல் ‘தொழிலாளர்’ என்பதே.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டமும் வேலை செய்பவரையும் அவர் பெறும் சம்பளத்தையும் தனித்தனியே வரையறுக்கிறது. சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் சம்பளம் வழங்கப்பட வேண்டும் என்றும் அது விதிக்கிறது. பால்மரம் வெட்டுபவர் ஒருவர். அவருக்குச் சேர வேண்டியது மற்றொன்று. இவ்வேறுபாட்டைத் தமிழ் என்றோ அறிந்திருந்தது.

ஆகவே, ‘கூலி’ என்னும் சொல்லைக் கேட்டு நாம் நாண வேண்டியதில்லை. அதை மனிதருக்குப் பெயராகச் சூட்டுவதையே மறுக்க வேண்டும். உழைப்பவர் தொழிலாளர், கூலி அவரது உரிமை. நம் பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்வோம்.