கட்டமைப்பு வடிவமைப்பில் பகிர்வுக் கட்டடத் தகவல் மாதிரி

கட்டடத் தகவல் மாதிரி (பிஐஎம்) என்பது ஒரு கட்டடத்தின் முப்பரிமாண வடிவத்தையும் அதன் உறுப்புகளைப் பற்றிய விவரங்களையும் சேர்த்து வைத்திருக்கும் கணினி மாதிரியாகும். வரைபடத்தில் ஒரு தூண் வெறும் கோடுகளே. மாதிரியில் அதே தூணுடன் அதன் அளவு, கான்கிரீட்டின் தரம், கம்பி விவரம் ஆகியவையும் இருக்கும். கட்டடக் கலைஞர், கட்டமைப்புப் பொறியாளர், மின்சார, குழாய்ப் பணி வடிவமைப்பாளர்கள் அனைவரும் ஒரே தகவலைக் கொண்டு பணியாற்றுவதே பகிர்வின் நோக்கம்.

தேவை

1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் நகரில், ஹயாத் ரீஜென்சி விடுதியின் தொங்கு நடைபாதைகள் விழுந்து 114 பேர் இறந்தனர். மேல், கீழ் நடைபாதைகளை ஒரே நீண்ட கம்பிகளில் தொங்கவிடுவதே முதல் திட்டம். அதிலேயே வலிமை போதவில்லை. பின்னர் ஒவ்வொரு நீண்ட கம்பியும் இரு தனிக் கம்பிகளாக மாற்றப்பட்டது. அதனால் மேல் நடைபாதையின் இணைப்புகள் இரு நடைபாதைகளின் சுமையையும் தாங்க நேர்ந்தது. இம்மாற்றத்தின் விளைவு கணக்கிடப்படவில்லை. மாற்றம் உரியவர் கண்ணில் படுவதும், அவர் அதை மீண்டும் கணக்கிடுவதும் எவ்வளவு முக்கியம் என்பதை இது காட்டுகிறது.

செயல்படும் முறை

ஒவ்வொரு துறையினரும் தத்தம் மாதிரியை உருவாக்கிப் பொதுத் தரவுத்தளத்தில் சேர்ப்பர். வெவ்வேறு மென்பொருள்களுக்கிடையே தகவலைப் பரிமாற ஐஎஃப்சி என்னும் பொதுக் கோப்பு வடிவம் உள்ளது. 2018இல் வெளியான ஐஎஸ்ஓ 19650 தரநிலை, தகவலை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது: பணியில் உள்ளது, பகிரப்பட்டது, வெளியிடப்பட்டது, ஆவணமாக வைக்கப்பட்டது. எந்த நிலையில் உள்ள அளவை நம்பிக் கட்டலாம் என்பது இதனால் தெளிவாகும்.

மாதிரிகளை ஒன்றாக அடுக்கினால், உத்திரத்தை ஊடுருவும் குழாய் போன்ற மோதல்கள் கட்டுமானத்திற்கு முன்பே தெரியும். சுமைக் கணக்கீட்டில் உத்திரமும் தூணும் கோடுகளாக மாற்றப்படும். அக்கோடுகளின் முனைகள் ஒரே புள்ளியில் சேராவிட்டால் கணக்கு தவறாகும். எனவே பொறியாளர் இதைத் தனியே சரிபார்க்க வேண்டும்.

இந்தியாவில்

ஜம்மு காஷ்மீரில் 2025இல் திறக்கப்பட்ட செனாப் ரயில் பாலத்தின் எஃகு உறுப்புகளை விவரமாக வரைய டெக்லா என்னும் மாதிரி மென்பொருள் பயன்பட்டது. ஆற்றுப் படுகையிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் உள்ள இப்பாலத்தின் வளைவு 467 மீட்டர் இடைவெளியைக் கடக்கிறது.

பழைய கட்டடங்களுக்கும் இம்முறை உதவும். புதுச்சேரியில் 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆட்சியில் கட்டப்பட்ட மேரி கட்டடம் (நகராட்சிக் கட்டடம்), 2014 நவம்பரில் மழையின்போது இடிந்து விழுந்தது. பின்னர் பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டப்பட்டது. இத்தகைய கட்டடங்களை அவை நிற்கும்போதே லேசர் கருவியால் அளந்து மாதிரியாக்கி வைத்தால், பழுதுபார்ப்பதற்கும் மீண்டும் கட்டுவதற்கும் துல்லியமான அளவுகள் கிடைக்கும்.

வரம்பு

லேசர் மேற்பரப்பை மட்டுமே அளக்கும். சுவருக்குள் ஊறிய நீரையும் உளுத்துப்போன மர உத்திரத்தின் உட்பகுதியையும் அது காட்டாது. அவற்றை நேரில் சோதித்துத்தான் மாதிரியில் பதிய வேண்டும். மாதிரி தகவலை ஒன்றுசேர்க்கும். கட்டடம் தாங்குமா என்பதைப் பொறியாளரே முடிவு செய்ய வேண்டும்.