பல்லைப் பிடுங்குமுன் கேட்க வேண்டியவை

ஜேர்மனியில் வாழும் எம்மவரிற் பலர் பல் வைத்தியரை நாடுவது வலி தாங்க முடியாத நாளில்தான். கராம்பைக் கடித்தும், உப்புநீரிற் கொப்பளித்தும், வலிமாத்திரை விழுங்கியும் வாரக்கணக்கில் இழுத்தடித்துவிட்டு, கன்னம் வீங்கிய பின்னர் போய், "பிடுங்கி விடுங்கள்" என்று நாமே கேட்டுக்கொள்கிறோம். ஊரில் அதுவே வழக்கம். யுத்த காலத்தில் பலருக்கு வேறு வழியும் இருக்கவில்லை. ஆனால் இந்நாட்டிற் பல்லைப் பிடுங்குவது இலகு, பிடுங்கிய இடத்தை நிரப்புவதுதான் பெருஞ்செலவு. ஆகவே கதிரையில் அமர்ந்ததும் நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, "இந்தப் பல்லைக் காப்பாற்ற முடியுமா?" என்பதே.

சூத்தை நரம்பைத் தொடும்வரை, துப்புரவாக்கி அடைத்தாலே போதும். நரம்பைத் தொட்டு அது கெட்டுவிட்டாலும் வேர்ச் சிகிச்சைக்கு இடமுண்டு. கெட்ட நரம்பை அகற்றி, வேரின் உட்குழாயைச் சுத்தஞ்செய்து அடைப்பதே அச்சிகிச்சை. விறைப்பூசி போட்டே செய்வார்கள். முன்பற்களுக்குப் பெரும்பாலும் காப்புறுதி இச்செலவை ஏற்கும். கடைவாய்ப் பற்களுக்குச் சில நிபந்தனைகள் உண்டு. எனவே கையெழுத்திடுமுன், "காப்புறுதி எவ்வளவு தரும், நான் எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று கேட்பதிற் கூச்சம் வேண்டாம்.

பல நாள் வலித்த பல் திடீரென ஓய்ந்தால் குணமாகிவிட்டதென்று மகிழ்வோர் உண்டு. நரம்பு செத்துப் போனதாற்கூட வலி நின்றிருக்கலாம். கிருமி வேரின் அடியில் தன் வேலையைத் தொடரும். வீக்கத்துடன் காய்ச்சலோ, விழுங்கச் சிரமமோ, வாயைத் திறக்க முடியாமையோ கண்டால் மறுநாள்வரை பொறுக்கலாகாது. இரவிலும் வார இறுதியிலும் அவசர வைத்திய சேவை உண்டு.

புகலிடம் கோரி முடிவுக்காகக் காத்திருப்போரின் நிலை வேறு. புகலிடக் கோரிக்கையாளர் உதவிச் சட்டத்தின் நான்காம் பிரிவு, திடீர் நோய்க்கும் வலிக்குமான சிகிச்சையையே உறுதிசெய்கிறது. செயற்கைப் பல்லோ தள்ளிப்போட இயலாத மருத்துவக் காரணம் இருந்தால் மட்டுமே கிடைக்கும். இக்கட்டுப்பாடு முன்னர் 18 மாதங்களாக இருந்து, 2024 பெப்ரவரியில் 36 மாதங்களாக நீடிக்கப்பட்டது. மூன்று வருடம் என்பது ஒரு சிறு சூத்தை வேர்வரை செல்லப் போதிய காலம். இச்சட்டம் சிக்கனமானதென்று எமக்குத் தோன்றவில்லை. எனினும் வலி இருக்கையிற் பிடுங்குவது மட்டுமே உரிமை என்பதில்லை. அடைத்துக் காப்பாற்றுவதும் வலிக்கான சிகிச்சையே. வைத்தியர் தயங்கினால், சமூகநல அலுவலகத்துக்கு எழுத்தில் விண்ணப்பிக்குமாறு அவரைக் கேட்கலாம்.

மருத்துவக் காப்புறுதி அட்டை வைத்திருப்போர் பலர் அறியாத பொக்கிஷம் ஒன்றுண்டு. அதுதான் போனஸ்ஹெவ்ற் என்னும் சிறு கையேடு. பெரியவர்கள் வருடம் ஒரு தடவையும், ஆறு முதல் 17 வயதுவரையான பிள்ளைகள் அரையாண்டுக்கு ஒரு தடவையும் பரிசோதனைக்குச் சென்று அதில் முத்திரை பெறவேண்டும். செயற்கைப் பல், முடி, பாலம் ஆகியவற்றின் சாதாரண வகைக்கு வரையறுக்கப்பட்ட செலவில் 60 வீதத்தைக் காப்புறுதி தருகிறது. ஐந்து வருடம் இடைவிடாது முத்திரை இருந்தால் அது 70 வீதமாகும். பத்து வருடமானால் 75 வீதம். கையேடு தொலைந்தாலும் கவலை வேண்டாம், பரிசோதித்த வைத்தியரின் பதிவிலிருந்து மீள எழுதிப் பெறலாம். வருமானம் குறைந்தவர்களும் அரச உதவி பெறுவோரும் தமது காப்புறுதி நிறுவனத்திடம் விண்ணப்பித்தால் சாதாரண வகையைச் செலவின்றியே பெற வழியுண்டு. ஆனால் சிகிச்சைத் திட்டத்துக்கு நிறுவனத்தின் ஒப்புதல் வந்த பின்னரே வேலை தொடங்க வேண்டும். செய்துவிட்டுக் கடிதம் எழுதுவதிற் பயனில்லை.

"பாற்பல் விழத்தானே போகிறது, அதற்கேன் வைத்தியம்?" எனத் தாய்மார் கேட்பதுண்டு. பின்பக்கப் பாற்பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை வாயில் இருந்து, அடியில் வளரும் பல்லுக்கு இடம் காக்கின்றன. அதிலும் கவனிக்க வேண்டியது, ஏறத்தாழ ஆறு வயதில் பாற்பல் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே முளைக்கும் கடைவாய்ப் பல். அதனைப் பாற்பல்லென எண்ணி விட்டுவிடுகிறார்கள். அது நிலையான பல். போனால் வேறு முளைக்காது.

கருவுற்றிருப்போர் அதனை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்நாட்களிலும் விறைப்பூசியும் அவசியமான சிகிச்சையும் செய்யலாம். இரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்போர் தாமாக அதனை நிறுத்தாது, மாத்திரைப் பெட்டியையே கையில் எடுத்துச் செல்லட்டும். நீரிழிவுக்காரர் சாப்பிட்டுவிட்டே போக வேண்டும்.

மொழிபெயர்ப்புக்கெனப் பத்து வயதுப் பிள்ளையைப் பாடசாலையில் மறித்து அழைத்துச் செல்லும் வழக்கத்தையும் விடுவோம். வேர், சீழ், சம்மதப் பத்திரம் என்பவற்றை அப்பிள்ளை எம்மொழியிலும் அறியாது. வளர்ந்த உறவினரோ நண்பரோ வரக்கூடிய நாளைத் தொலைபேசியிற் கேட்டுப் பெறுங்கள். விளங்காத பத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து வாசித்த பின்னர் கையெழுத்திட எவரும் தடை சொல்ல முடியாது.