தலைக்கு ஏன் சி.டி. ஸ்கேன்?



"கைதானே விழுந்துபோச்சு, தலையை எதுக்குப் படம் எடுக்கிறாங்க?" அரவேணுவைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் குடும்பத்தார் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நோயாளிகளை ஜெபத்திலும் காணிக்கையிலும் தாங்கும் உங்களுக்கும் இதை விளக்கிச் சொல்ல விரும்புகிறோம்.

திடீரென வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, ஒரு பக்கக் கைகால் செயலிழப்பது ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் உண்டு. மூளையின் இரத்தக்குழாய் அடைத்திருக்கலாம். அல்லது வெடித்து இரத்தம் கசிந்திருக்கலாம். வெளியே இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். சிகிச்சையோ நேர் எதிரானது. அடைப்பைக் கரைக்க ஊசி உண்டு. கசிவுள்ளவருக்கு அதே ஊசி உயிருக்கே ஆபத்து.

இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதே சி.டி. ஸ்கேன். எக்ஸ்ரே கதிர்கள் தலையைச் சுற்றிவர, கம்ப்யூட்டர் அவற்றை அடுக்கடுக்கான படங்களாக்குகிறது. காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய இக்கருவியில் முதல் நோயாளிக்கு 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் படம் எடுக்கப்பட்டது. புதிய கசிவு வெண்மையாகத் தெரியும். அடைப்போ முதல் சில மணி நேரம் தெரியாமலே இருக்கலாம். ஆகவே "ஸ்கேனில் ஒன்றுமில்லை" என்றால் நோயில்லை என்று பொருளல்ல. கசிவு இல்லை, ஊசி போடலாமா என்று மருத்துவர் பார்க்கலாம் என்பதே பொருள். அந்த ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

படத்தில் ஒன்று தெரிந்தாலும், அது இன்னதென்று அறிவது வேறு. வலிப்பு வந்து, பின் ஒரு கை சற்று நேரம் சோர்ந்துபோகும் சிலருக்கு ஸ்கேனில் சிறு வளையம் தெரியும். முன்பு நம் நாட்டில் அதைக் காசநோய்க் கட்டி என்றெண்ணி மாதக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் அக்கட்டிகளை எடுத்துச் சோதித்தபோது, பன்றி நாடாப்புழுவின் இளம்புழுவே பெரும்பாலும் காரணம் என்று கண்டு, 1989இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். அசுத்தமான கைகளாலும் உணவாலும் அதன் முட்டைகள் பரவுவதால், மாமிசம் உண்ணாதவர்களுக்கும் இது வரும். நம் மலைக் கேரட்டையும் நன்றாகக் கழுவியே பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

சபையாரிடம் இதையும் சொல்லுங்கள். இங்கிருந்து மேட்டுப்பாளையத்துக்கு மலையிறங்கவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். வாய் கோணினால் "விடியட்டும்" என்றிருக்க வேண்டாம். ஸ்கேனுக்கு முன் ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம். தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, உடனே 108ஐ அழையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அந்த நேரத்தைத்தான்.