கை படைக்க மனம் தேறும்



கொக்குவிலின் சுருட்டுக் கொட்டில்களை இன்று நினைவிற் கொள்வோர் சிலரே. ஒரு காலத்தில் அக்கொட்டில்களிலே தொழிலாளர் நிரையாக அமர்ந்து சுருட்டுச் சுற்ற, ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிப்பார். கை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். செவி உலகச் செய்தியைக் கேட்டுக்கொண்டிருக்கும். மனமோ அலையாமல் ஓரிடத்தில் அமர்ந்திருக்கும். கைக்கும் மனத்துக்கும் உள்ள இத்தொடர்பை எங்கள் முன்னோர் நூல் கற்று அறிந்தவரல்லர், பழகி அறிந்தவர்.

அக்கை பழகிய தொழிலோடு நில்லாது, புதிதாக ஒன்றைப் படைக்கவும் முற்படுமாயின் மனத்துக்கு விளையும் நன்மை யாது? சித்திரம் வரைதல், களிமண்ணால் உருவஞ் செய்தல், ஓலை இழைத்தல், பாட்டுக் கட்டுதல், நாடகம் ஆடுதல் ஆகியன துயருற்ற மனத்தைத் தேற்றுமா? பிள்ளையின் ஆளுமையை வளர்க்குமா? இவ்வினாக்களையே இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகின்றேன்.

முதலில், கண்ணாரக் கண்ட ஒன்றைக் கூறுகின்றேன். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் வீடு வாசல்களை விட்டுத் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டதை எம்மவருள் அறியாதார் இலர். மழையிலும் இருளிலும் நடந்து சென்ற அக்கூட்டத்தில் எங்கள் குடும்பமும் ஒன்று. எங்கள் ஆச்சியும் உடன் வந்தார். ஒரு பாடசாலை வகுப்பறையில் வேறு சில குடும்பங்களுடன் தங்கினோம். ஆச்சி எவரோடும் பேசவில்லை. உணவைக் கொடுத்தால் உண்பார், இல்லையேல் கேட்கமாட்டார். முதுமை என்றோம், களைப்பு என்றோம், வேறு செய்வதறியாது விட்டுவிட்டோம்.

ஒரு நாள் அயல்வீட்டார் ஒருவர் அடுப்புக்கென்று கொண்டுவந்த பனையோலைகளின் நடுவே சில சார்வோலைகள் கிடந்தன. ஆச்சி அவற்றை எடுத்து நகத்தால் வார்ந்தார். மாலைக்குள் ஒரு சிறு பெட்டியின் அடி உருவாயிற்று. மறுநாள் மூலை திருப்பி விளிம்பு கட்டினார். அதனை அறையிலிருந்த ஒரு சிறுமியிடம் நீட்டினார். அப்பெட்டி சற்றே கோணலானது என்பதையும் சொல்லவேண்டும். மூன்றாவது பெட்டியை இழைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஆச்சி வாய் திறந்தார். பின்வளவில் கட்டியிருந்த பசுவை அவிழ்த்து விட்டோமா என்று கேட்டார். அத்தனை நாளும் அவர் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு வினாவே. அவிழ்த்து விட்டோம் என்று சொன்னோம். அதன்பின் அழுதார், அதன்பின் பேசினார்.

ஓலை இழைத்தமையால் ஆச்சியின் துயர் தீர்ந்ததென்று நான் சொல்லவில்லை. துயர் துயராகவே இருந்தது. ஆயினும் அதனைச் சொல்லத் தகுந்த ஒரு நிலைக்கு அவர் வந்தார். கை முந்திற்று, சொல் பின்னே வந்தது. இது ஏன் நிகழ்கின்றது?

பேரச்சத்துக்கோ பேரிழப்புக்கோ ஆளான மனத்தில் அந்நிகழ்ச்சி தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு கதையாகப் பதிவதில்லை. ஓர் ஒலி, ஒரு மணம், ஒரு காட்சி எனத் துண்டு துண்டாகவே தங்குகின்றது என்பர் உளமருத்துவர். துண்டுகளாய்க் கிடப்பதைச் சொல்லாற் கோத்துக் கூறு என்றால் எவ்வாறு இயலும்? கோடும் நிறமும் களிமண்ணுமோ சொல்லைப் போல் ஒழுங்கு கேட்பதில்லை. உள்ளே கிடந்த ஒன்று தாளில் வந்து விழுந்ததும், அது நமக்கு வெளியே, நாம் பார்க்கக்கூடிய தூரத்தில் நிற்கின்றது. இது முதலாவது நன்மை. இரண்டாவது, எல்லாம் கைமீறிப் போன ஒருவருக்கு, எந்த நிறத்தை எடுப்பது, எங்கே தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்னும் சிறு தீர்மானங்கள் மீண்டும் கைவருகின்றன. மூன்றாவது, முன்பு இல்லாத ஒரு பொருள் தன் கையால் உண்டாயிற்று என்னும் நிறைவு; அதனைப் பிறர்க்குக் கொடுக்கலாம் என்னும் பெருமை.

இதற்குச் சித்திரக்காரராக இருத்தல் வேண்டுமோ? வேண்டியதில்லை. 2016இல் அமெரிக்காவின் திரெக்சல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரிஜா கைமல் என்பாரும் உடன் ஆய்வாளரும் வயதுவந்தோர் 39 பேரை அழைத்து, 45 நிமிடம் களிமண், வண்ணப் பேனை, ஒட்டுத்தாள் ஆகியவற்றால் விரும்பியதைச் செய்யுமாறு விட்டனர். முன்னும் பின்னும் அவர்தம் உமிழ்நீரிலே, மன நெருக்கடியின் போது உடலில் மிகும் கோட்டிசோல் என்னும் சுரப்பை அளந்தனர். ஏறக்குறைய முக்காற் பங்கினருக்கு அது குறைந்திருந்தது. முன்னர்க் கலை பயின்றவர்க்கும் பயிலாதவர்க்கும் இதிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எஞ்சிய காற் பங்கினருக்குக் குறையவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. எல்லார்க்கும் ஒரே மருந்து என எதுவும் இல்லையன்றோ? 2019இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கையொன்று 3000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, நோய் வாராது காத்தலிலும் வந்த நோயைத் தாங்குதலிலும் கலைகளுக்குப் பங்குண்டு என்று கூறிற்று.

தொலைவிற் செல்வானேன்? எமது நாட்டிலேயே இதற்குச் சான்றுகள் உள. 1996இல் மட்டக்களப்பில் யேசுசபைக் குருவான போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடா நாட்டு ஓவியர் போல் ஹோகனும் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என ஒன்றை அமைத்தனர். போரிலே அடிபட்ட ஊர்களின் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே ஒன்றாக வந்து, மரங்களின் நடுவே வரைந்தும் மண்ணிற் செய்தும் கதை கட்டியும் நடித்தும் மகிழ்ந்தனர். ஒருவர் ஊரைக் கண்டு மற்றவர் அஞ்சிய காலம் அது. ஒரே மண்ணைப் பிசைந்த கைகளுக்கு அவ்வச்சம் சற்றே தளர்ந்திருக்கும் அன்றோ?

யாழ்ப்பாணத்திலே குழந்தை ம. சண்முகலிங்கம் அவர்கள் போர் மனத்தில் இட்ட வடுக்களையே பொருளாக்கி ‘அன்னை இட்ட தீ’ என்னும் நாடகத்தை எழுதினார். உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்களின் ‘மனவடு’ என்னும் நூல் 1993இல் வெளிவந்தது. மருத்துவர் நூலாற் கூறியதைக் கலைஞர் அரங்கிற் காட்டினார். தனக்கு மட்டுமே நேர்ந்த வெட்கம் என ஒளித்து வைத்ததைப் பலர் நடுவே மேடையிற் காணும் ஒருவர், தாம் தனித்தவரல்லர் என அறிகின்றார்.

இன்னுமொன்று என் நெஞ்சை நெகிழ்வித்தது. ஒல்லாந்தர் காலத்தில் எவருக்கு எக்காணி உரியது என எழுதிவைத்த பதிவேடுகளைத் தோம்பு என்பர். ஓவியரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியருமான தா. சனாதனன் அவர்கள் இடம்பெயர்ந்த மக்கள் பலரைக் கண்டு, அவர்கள் இழந்த வீட்டின் அமைப்பை நினைவிலிருந்து வரைந்து தருமாறு வேண்டினார். அவ்வரைபடங்களும் அவர்தம் கதைகளும் 2011இல் ‘முற்றுப்பெறாத தோம்பு’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடன் நூலாயின. வரைந்தவர்கள் ஓவியர்களல்லர், எம்மைப் போன்றோரே. எழுதுகோலை எடுத்து இது தலைவாசல், இது கிணற்றடி, இது சாமியறை எனக் கோடிடும் போது, அழிந்த வீடு ஒரு தாளிலேனும் எழும்புகின்றதன்றோ?

இதுகாறும் கூறியது துயர் ஆற்றுதலைப் பற்றியது. இனி, வளர்ச்சியைப் பற்றி ஒரு சொல். ஒரு காலத்தில் எமது பாடசாலைகளில் சித்திரம் என்றால், அச்சிட்ட ஒரு படத்தை வரி பிசகாது பார்த்து வரைதல் என்றே பொருள். அம்முறையை மாற்ற முயன்றவர்களுள் இலங்கையின் சித்திரக் கல்விப் பரிசோதகராய் இருந்த வின்சர் குறிப்பிடத்தக்கவர். அவர் பெயரை வைத்தே 1938இல் யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை அவர்கள் வின்சர் கலைக்கழகத்தைத் தோற்றுவித்தார். பிள்ளை தான் கண்டதைத் தன் கண்ணாற் கண்டவாறே வரையவேண்டும் என்பதே அப்புதுமுறையின் உயிர். பார்த்து வரைபவன் பிழை விடாதிருக்கக் கற்கின்றான்; தானாக வரைபவன் பிழையிலிருந்து அடுத்த கோட்டைக் காணக் கற்கின்றான். வாழ்க்கைக்கு வேண்டுவது பின்னதே.

இவ்வளவும் அறிந்திருந்தும் நானே ஒரு முறை தவறினேன். அதிபராய்ப் பொறுப்பேற்ற ஓர் ஆண்டில், புலமைப் பரிசில் பரீட்சையை எண்ணி, ஐந்தாம் வகுப்பின் சித்திரப் பாடவேளைகளை எடுத்துப் பயிற்சி வினாத்தாள்களுக்குக் கொடுத்தேன். பெற்றோர் மகிழ்ந்தனர். சில வாரங்களின் பின் ஒரு மாணவன் பாடசாலைக்கு வருவது குறைந்தது. தாயை இழந்த பிள்ளை அவன்; இயல்பாகவே பேச்சுக் குறைந்தவன். இரண்டையும் நான் தொடர்புபடுத்திப் பார்க்கவில்லை. சித்திர ஆசிரியை ஒரு நாள் என் மேசையில் அவன் முன்னர் வரைந்த தாள்களை வரிசையாகப் பரப்பினார். எல்லாவற்றிலும் ஒரே கிணற்றடி. முதலில் வெறுங் கிணறு. பின்னர்த் துலாவும் வாளியும். பின்னர்க் கொடியில் காயும் ஒரு சேலை. அந்த மட்டில் நின்றுபோயிற்று. நிறுத்தியவர் யார் என ஆசிரியை கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

மறுவாரமே பாடவேளைகளைத் திருப்பிக் கொடுத்தேன். பையன் மெல்ல மெல்ல வரத் தொடங்கினான். அவன் புலமைப் பரிசிலிற் சித்தியடைந்தானோ எனக் கேட்பீர்கள். இல்லை. ஆனால் ஆண்டிறுதியில், தன் தாய் கிணற்றடியிற் பாடும் பாட்டொன்றை ஆசிரியைக்குச் சொன்னானாம். எனக்கு அது போதும்.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் சில கூறி முடிக்கின்றேன். பிள்ளை வரைவதற்கு விலையுயர்ந்த பொருள் வேண்டியதில்லை. கரித்துண்டும் பழைய நாட்காட்டியின் பின்புறமும் போதும். வரைந்ததைக் கண்டு ‘இதென்ன, மாடா மலையா?’ எனக் கேளாதீர்கள். ‘இதைப் பற்றிச் சொல்லு, பார்ப்போம்’ எனக் கேளுங்கள். சொல்ல விரும்பாவிடின் வற்புறுத்தாதீர்கள். திருத்தாதீர்கள், அயல்வீட்டுப் பிள்ளையின் படத்தோடு ஒப்பிடாதீர்கள். ஒரு படத்தைக் கண்டவுடன் பிள்ளைக்கு இன்ன மனநோய் எனத் தீர்ப்புக் கூறுவதும் பெரும் பிழை. கறுப்பு நிறம் எல்லாம் துயரமல்ல; கைக்கு எட்டியது அந்த நிறமாக இருக்கலாம்.

மேலும், கலை மருத்துவத்துக்கு மாற்றன்று. உறக்கமின்மையும் உணவு வெறுப்பும் வாரக்கணக்கில் நீடித்தாலோ, வாழ்வே வேண்டாம் என்னும் பேச்சு எழுந்தாலோ தாமதியாது வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடுதல் வேண்டும். காய்ச்சலுக்கு மருந்து கொள்ள நாணாத நாம் மனத்தின் நோவுக்கு மட்டும் நாணுவது ஏன்?

வளர்ந்தோரும் இதனைத் தமக்குரியதன்று என எண்ணற்க. கோலம் இடும் கையும், மாலை தொடுக்கும் கையும், ஓய்வூதியம் பெற்றபின் முதன்முதலாக வர்ணத் தூரிகையைப் பிடிக்கும் கையும் ஒன்றே. நாளொன்றுக்கு அரை மணித்தியாலம் எவரும் புள்ளியிடாத ஒரு வேலைக்கு ஒதுக்குங்கள். கோணலாக வரினும் வரட்டும். எங்கள் ஆச்சியின் முதற் பெட்டியும் கோணலாகத்தான் இருந்தது. அதனைப் பெற்ற சிறுமி, தென்மராட்சியிலிருந்து ஊர் திரும்பிய அன்று, அதற்குள் தன் தோட்டை வைத்து மடியிற் கட்டிக்கொண்டு வந்ததை நான் கண்டேன்.